துடைக்காத கண்ணாடி

எங்கள் தெருவில் எதையும் துடைப்பதற்கு ஒரு முறை உண்டு. ராஜபாளையத்துக்கு வெளியே, வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணி நெய்யும் தெரு அது. தறி ஓடினால் பஞ்சுத்தூசி பறந்து படத்திலும் பாத்திரத்திலும் படியும். மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் தூசி பரவும், அக்காவிடம் திட்டும் கிடைக்கும். இந்தப் பழக்கம் என் எம்.ஃபில். படிப்பையே கவிழ்க்கப் பார்த்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கால்குலேட்டரில் எண் காட்டும் திரவப் படிகம்தான் என் பாடம். பள்ளிக்கூட நாளிலேயே கால்குலேட்டர் திரையை விரலால் அழுத்தி, கறுப்பு ஓடுவதைப் பார்த்து அடி வாங்கியவள் நான். அந்தத் திரவத்தின் மூலக்கூறுகள் ஒரே திசையில் படுத்தால்தான் திரை வேலை செய்யும். அதற்காகக் கண்ணாடியில் பாலிஇமைடு என்ற பொருளை மெல்லிய படலமாகப் பூசி, வெல்வெட் துணியால் ஒரே பக்கமாகத் தேய்ப்பார்கள். தேய்க்கவே வேண்டாம், படலத்தில் சாயம் கலந்து, ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் காட்டினால் போதும் என்றது ஒரு வெளிநாட்டுக் கட்டுரை. வெறும் வெளிச்சம் எப்படி ஒன்றைப் பிடித்துப் படுக்கவைக்கும்? எனக்குத் தூக்கம் போயிற்று.

லேசருக்கு நான் எங்கே போவேன்? வேதியியல் ஆய்வகத்து மெத்தில் ரெட் சாயம், வெயிலை ஒரே தளத்துக்கு மட்டுப்படுத்த ஒரு போலராய்டு தகடு, கல்லூரி மொட்டைமாடி, அவ்வளவுதான். வெயில் காட்டிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவத்தை விட்டு, போலராய்டுகளுக்கிடையே வைத்துத் திருப்பினேன். மொத்தமும் ஒன்றாக இருண்டது, ஒன்றாக வெளுத்தது; மூலக்கூறுகள் ஒரே திசையில் படுத்தால்தான் அப்படி ஆகும். முதல் முயற்சியிலேயே ஜெயம்!

"ஏம்மா, அம்புட்டும் வெயிலு செஞ்ச வேலையா?" என்று என் வழிகாட்டி சார் நாலு தடவை கேட்டார். கேட்ட கையோடு துறைத்தலைவரிடம் சொல்லியும் விட்டார். ஜூலைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் அங்கேயே விரிவுரையாளர் வேலை என்று பேச்சாயிற்று.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வெயில் படாத இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. அடுத்த கண்ணாடிகளில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினேன். மூடிய பாதியில் மூலக்கூறுகள் கன்னாபின்னாவென்று கிடக்க வேண்டும். அங்கேயும் அதே திசை, அதே ஒழுங்கு.

காரணம் புரியாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அக்கா பீரோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே, ஒரே இழுப்பு. அவள் கொடுத்த பேண்டேஜ் துணியால் நானும் ஒவ்வொரு படலத்தையும், வெயிலிலிருந்து எடுத்ததும், அப்படியே துடைத்திருந்தேன். வெல்வெட் செய்யும் வேலையை அந்தத் துணி செய்திருக்கிறது.

"என்ன ஏட்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்க?"

"நீ குடுத்த துணி என் வேலையக் கெடுத்துட்டுக்கா."

"தொடைச்சது யாரு, நானா?"

மறுநாள் சாரிடம் சொன்னேன். "சார், அது வெயிலு இல்ல. என் கை."

அவர் கண்ணாடியை வாங்கி மூடிய பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறவு, "பாதிய மூடணும்னு உன்ட்ட யாரு சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லல சார்."

"சரி, தொடைக்காம செய்யி. ஆனா ஜூலை போயிரும், பாத்துக்க."

போய்விட்டது. ஆனிக் காற்றில் தூசி படிந்து மூன்று முயற்சிகள் வீணாயின. வேலை வேறொருவருக்குப் போனது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். கறுப்புத் தாளை எடுத்த என் கையின் மேல்தான் கோபம்.

ஆவணியில் நாலாவது முயற்சி. கண்ணாடிகளைச் சேர்க்கும் முன் பார்த்தால், படலத்தின் நடுவே ஒரு பஞ்சு இழை. கை தானாகத் துணிக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டு, இழையோடு அப்படியே கண்ணாடிகளைச் சேர்த்தேன். கறுப்புத் தாளால் மூடிவைத்திருந்த பாதி திரிந்த பால் மாதிரி கலைந்து கிடந்தது. வெயில் பட்ட பாதி ஒழுங்காக இருண்டு, ஒழுங்காக வெளுத்தது. திசையும் கட்டுரை சொன்னபடி, ஒளி அதிர்வுக்குக் குறுக்கே. தொட்டுக்கூடப் பார்க்காத ஒன்றை வெயில் அடுக்கி வைத்திருந்தது. நான் மாடியில் தனியாகச் சிரித்தேன்.

வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டின் படத்தில் விரலை வைத்தார்.

"நடுவுல என்னம்மா இது, நூலு? தொடைச்சிட்டு எடுத்திருக்கலாமே?"

சார் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நான் தொடைக்கலைங்கதுக்கு அதுதான் சார் சாட்சி" என்றேன்.