பூட்டிய மாடிக் கதவுக்கு முன்னால்

பங்குனி முடிவதற்குள்ளேயே எங்கள் வீட்டுச் சுவர்கள் சுட ஆரம்பித்துவிடும். பெருங்களத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களுடையது மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். மதியம் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் அப்படியே டீத்தூளைப் போட்டுவிடலாம். மின்விசிறி சுற்றினால் அனல்தான் சுற்றும்.

குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் காலை ஷிஃப்ட். நான்கு மணிக்கு வீடு வந்து, குளித்துவிட்டு, ஐந்தரைக்கு மாடிக்குப் போவேன். கடல் எங்களுக்குத் தூரம்தான். ஆனாலும் அந்த நேரத்துக்குக் கடல் காற்று எப்படியோ எங்கள் பக்கம் வந்து சேர்ந்துவிடும். கொடியில் அதுவரை சும்மா தொங்கிக்கொண்டிருந்த துணிகள் படபடக்கத் தொடங்கும். ஒரு பக்கம் பீர்க்கன்கரணை ஏரி, மறுபக்கம் செங்கல்பட்டு போகும் ரயில். இரண்டாவது மாடியில் எங்களைப் போலவே வாடகைக்கு இருக்கும் பெண்ணும் வந்துவிடுவாள். அவள் கணவருக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் செருப்புக் கடை. அவள் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். பகலெல்லாம் தையல் மிஷினில் குனிந்திருந்தவள், மேலே வந்து முதுகை நிமிர்த்தி, துப்பட்டாவைத் தளர்த்திவிட்டுக்கொண்டு ஒரு மூச்சு விடுவாள் பாருங்கள், அதைக் கேட்டாலே எனக்கும் அசதி போய்விடும். கிளிமூக்கு மாங்காயைப் பத்தை போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தடவி எடுத்துப் போவேன். இரண்டு பேரும் தின்று தீர்த்துவிட்டு, பல் கூச இறங்கி வருவோம். ஊட்டியும் கொடைக்கானலும் எங்களுக்கு அவ்வளவுதான்.

இந்த வருடம் சித்திரை பிறந்த வாரத்தில் லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் இனி மொட்டை மாடிக்குப் போகக் கூடாது, சாவி வீட்டு உரிமையாளர்களிடம் மட்டுமே இருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. ஏறிப் போய்ப் பார்த்தேன். இரும்புக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் தரைத் தளத்தில்தான் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"மாடிக்குப் புதுசா கூலிங் பெயின்ட் அடிச்சிருக்கோம் மேடம். ஓனர்ஸ் எல்லாரும் கைக்காசு போட்டிருக்காங்க. டெனன்ட்ஸ் ஏறி எறங்கினா வீணாயிடும்."

"ஓனர்ஸ் கால் பட்டா வீணாகாதா சார்?"

அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டார். "ரூல் போட்டாச்சு மேடம். நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?"

என் கணவர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். யாரிடமும் வாய் கொடுக்காத மனிதர். "விடு. அவங்க வீடு, அவங்க ரூலு. நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

எனக்கு விட மனசில்லை. இதற்கு முன் மேடவாக்கத்தில் இருந்தோம், அதற்கு முன் சேலையூரில். ஆணி அடிக்கக் கூடாது என்றார்கள், காலண்டரைக் கதவுக் கொண்டியில் மாட்டினேன். கருவாடு வறுக்கக் கூடாது என்றார்கள், வறுக்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் தங்கக் கூடாது என்றார்கள், என் தங்கையைக் கடைசி பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய எனக்குக் காற்று வாங்கக் கூடாது என்றதும் தலை ஆடவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு வழக்கம்போல மாங்காய் டப்பாவோடு ஏறினேன். பூட்டிய கதவுக்கு முன்னால், கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் தையல்காரப் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா, இங்க வந்து குந்திகினு கீறீங்க?"

"மாடிக்கு வந்தேன்."

"அதான் பூட்டிகீதே."

"தொறக்கிற வரைக்கும் இங்கேயே ஒக்காந்திருக்கப் போறேன். தினமும்."

அவள் கீழே போய், இரண்டு மூன்று பிளவுஸும் ஊசிநூலும் எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப நானும் இங்கியே ஹூக் வெச்சுக்குறேன்."

அது உட்காருகிற இடமே இல்லை. ஜன்னல் கிடையாது, கதவின் இரும்பு இட்லிப் பானை மாதிரி கொதிக்கும். ஆனால் கதவுக்கு அடியில் விரற்கடை அளவு இடைவெளி இருந்தது. அதன் வழியே காற்று வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் பாதங்களை அங்கே நீட்டிக்கொண்டோம்.

இரண்டு நாள் போனதும் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஐ.டி. பெண்கள் இருவர் தர்பூசணி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். சிரிப்புச் சத்தம் தரைத் தளம் வரை கேட்டதோ என்னவோ, செயலாளர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"இப்படி வழிய அடைச்சுக்கிட்டு ஒக்காரக் கூடாது மேடம். இது காமன் ஏரியா."

"காமன்னு நீங்களே சொல்லிட்டீங்களே சார். எங்களுக்கும் சேத்துதானே காமன்?"

தர்பூசணி தின்ற பெண்ணுக்குப் புரையேறியது. அவர் திரும்பி இறங்கிவிட்டார்.

அடுத்த வாரம், சொந்த வீட்டுக்காரர்களில் ஒருவரான ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் சாவியோடு வந்தார். நாங்கள் ஒதுங்கி வழி விட்டோம். கதவைத் திறந்து வெளியே போனவர், சற்று நேரத்தில் திரும்பி வந்தார். "நீங்கல்லாம் இங்க வேர்வைல ஒக்காந்திருக்கீங்க, நான் அங்க தனியா நின்னு என்ன பண்றது? வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார்.

ஐ.டி. பெண்கள் ஓடினார்கள். தையல்காரப் பெண்ணும் எழுந்தாள். நான் எழவில்லை.

"ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க கூப்பிட்டு விருந்தாளியா வர மாட்டேன். நானா வரணும்."

"இன்னாக்கா நீ" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அவள். கோபத்தில் அவளுக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "காத்து எவ்ளோ ஜோரா அடிக்குது. சும்மா வாக்கா!"

திறந்த கதவு வழியே காற்று என் முகத்திலேயே அடித்தது. எழுந்து ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று போயிருந்தால், அவர் ஊருக்குப் போன மறுநாள் மறுபடியும் படியில்தானே உட்கார வேண்டும்? ரயில்வேக்காரர் நேராகக் கீழே செயலாளர் வீட்டுக்குப் போய், அந்த ஞாயிற்றுக்கிழமையே சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார்.

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அழைப்பு இல்லை. நாங்கள் நான்கு பேரும் போய்த் தூணோரம் நின்றுகொண்டோம். செயலாளர் என்னைப் பார்த்து, "ஓனர்ஸ் மீட்டிங் மேடம் இது" என்றார்.

"தெரியும் சார். லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் தண்ணி லாரிக்கும் மாசாமாசம் எங்ககிட்டயும்தான் வாங்குறீங்க. அப்ப மட்டும் டெனன்ட்னு பாக்குறதில்லையே" என்றேன். மற்றவர்கள் பக்கம் திரும்பினேன். "பெயின்ட் கெடாம நடக்கச் சொல்லுங்க, நடக்குறோம். வெறுங்கால்ல வரச் சொல்லுங்க, வர்றோம். வராதேன்னு மட்டும் சொல்லாதீங்க."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில், மாலை ஏழு மணி வரை கதவு திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் போகலாம், ஆனால் செருப்பு, கட்டில், நாற்காலி எதுவும் மேலே வரக் கூடாது என்று முடிவானது. செயலாளர் லிஃப்டில் இருந்த தாளைத் தன் கையாலேயே கிழித்தார். அன்று சாயங்காலம் வெறுங்காலோடு நானாகவே நடந்து போய் மாடியின் நட்டநடுவில் நின்றேன். தரை இன்னும் சுட்டது. இறங்க மனசு வரவில்லை.

அது அத்தோடு முடியவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டு உரிமையாளர் போன் செய்தார். "உங்களப் பத்தி இப்பிடியெல்லாம் கேள்விப்பட வேண்டியிருக்குதுங்களேம்மா. ஐப்பசியில அக்ரிமென்ட் முடியுதுங்க. அதுக்கு மேல நீட்டிக் குடுக்கறதா இல்லைங்க."

"சரி சார்," என்றேன், "ஐப்பசி வரைக்கும் தினமும் மாடிக்குப் போவேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் கணவர் கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பால்கனிக்குப் போய், அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் படியேறினார்.