கொளஞ்சியப்பருக்கு எழுதிய பிராதும் கொதித்த காரும்

நேற்று, சனிக்கிழமை, காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம் ஒருவர் மேல் புகார் எழுதியது. மணி 4.40. பல்கூட விளக்கவில்லை. கோடு போடாத வெள்ளைத்தாளில் ‘மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சமுகத்துக்கு’ என்று ஆரம்பித்து, என் பெயர், விழுப்புரத்தில் என் தெரு, கதவு எண் எல்லாம் போட்டு, நான்காவது வரியில் சந்தானம் சாரின் பெயரை எழுதினேன். ‘பழுதான காரை நல்ல கார் என்று சொல்லி விற்று என்னை ஏமாற்றிவிட்டார். தாங்களே விசாரித்து நியாயம் வழங்க வேண்டும்.’ தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகன்தான். ஆனால் இங்கே அவர் நீதிபதி. பணத்தை ஏமாற்றியவர், நகையை எடுத்தவர், சொத்தைப் பிடுங்கியவர் என்று யார் மேல் குறை இருந்தாலும் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சாமி காலடியில் வைத்து எடுத்து, பொட்டலமாக மடித்து, முனியப்பர் சன்னிதிக்கு முன்னால் கட்டுவார்கள். இதற்குப் பிராது கட்டுவது என்று பெயர். உங்கள் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டு அதற்கேற்பக் கட்டணம். பிரச்சினை தீர்ந்துவிட்டால் திரும்பப் போய் ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். சாமியிடமும் வழக்கை முறையாக முடிக்கத்தான் வேண்டும்.

எனக்கு இதிலெல்லாம் முழு நம்பிக்கை உண்டு என்று சொல்ல மாட்டேன். கோபம் இருந்தது. யோசனை சொன்னவள் கலைச்செல்வி, என் கணவரின் தங்கை. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

கார் கதை இதுதான். போன நவம்பரில், என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியர் சந்தானம் சாரிடம் அவருடைய பழைய சிறிய காரை 2,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். 71,000 கிலோமீட்டர் ஓடியது. இரண்டு வாரத்தில் அவரே பள்ளி வராந்தாவில் என்னை நிறுத்தி, “வண்டி எப்படி ஓடுது டீச்சர்? கூலண்ட் பாத்துக்குங்க” என்றார். மடியில் கனம் இல்லாதவர் எதற்கு விசாரிக்கிறார் என்று அன்றே எனக்குள் ஒரு முள். டிசம்பர் கடைசியில் இன்ஜின் சூடாக ஆரம்பித்தது. விழுப்புரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட்டையும் விசிறி மோட்டாரையும் மாற்றினார்கள். 4,800 ரூபாய். அடுத்த வாரமே மறுபடி சூடு.

ஜனவரியில் ஒருநாள் மதியம், ஆசிரியர் அறையில் பதினோரு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த ரசீதை அவர் முன்னால் வைத்து, “தெரிஞ்சுதானே சார் வித்தீங்க?” என்று கேட்டேன். “இல்ல டீச்சர்” என்றார். டப்பாவை மூடினார். அன்றிலிருந்து எட்டாம் வகுப்பு அறையில் உட்கார்ந்து தனியாகத்தான் சாப்பிடுகிறார். வரும் ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். பிரிவு உபசார விழாவுக்கு நான் பணம் தர மறுத்தேன். என்னைப் பார்த்து இன்னும் நான்கு பேர் மறுத்தார்கள். விழாவே வேண்டாம் என்று அவர் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டதாகக் கேள்வி. முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். அவருடைய குற்றவுணர்ச்சிதான் அப்படிப் பேசவைக்கிறது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.

காலை 6.15க்குக் கிளம்பினோம். பஸ்ஸில் போகலாம் என்றுதான் நான் சொன்னேன். கலைச்செல்வி கேட்கவில்லை. “குத்தம் பண்ண வண்டியையே கூட்டிகினு போயி நிறுத்தணும் அண்ணி. சாமி நேர்ல பாக்கட்டும்.” ஏறி உட்கார்ந்ததும் தாளை வாங்கிச் சரிபார்த்தாள். “அந்தாளு தெரு பேரு எங்க? போடுங்க. சாமி அட்ரஸ் தேடிகினு அலையக் கூடாது.”

உளுந்தூர்பேட்டை வரை 37 கிலோமீட்டர், நாலுவழிச் சாலை. 7.05க்குத் தாண்டினோம். வெப்பநிலை முள் நடுவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. விருத்தாசலம் சாலையில் திரும்பியதும் ஏற ஆரம்பித்தது. எதிரே கரும்பு டிராக்டர், பின்னால் பஸ், வேகம் குறையக் குறைய முள் ஏறியது. ஏசியை நிறுத்தினேன். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் கண்ணாடிகளை இறக்கினேன். இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். உண்மைதான், ஆனால் அந்தச் சூடு நம் காலில் வந்து விழும். கலைச்செல்வி முந்தானையால் விசிறிக்கொண்டே தைரியம் சொன்னாள்.

“பிராது உண்மையா இருந்தா மூணு நாளு, இல்ல மூணு வாரம், மிஞ்சிப்போனா மூணு மாசம். பதில் வந்துடும். பொய்யா எழுதுனாத்தான் எழுதுனவங்க தலையிலயே திரும்பும். நமக்கு என்னா பயம்?”

மங்கலம்பேட்டைக்குள் நுழையும்போது முள் சிவப்பைத் தொட்டது. பானெட் இடுக்கில் ஆவி. ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன என்னை டீக்கடைக்காரர் ஓடிவந்து தடுத்தார். “எக்கா, கைய எடுங்க! மூஞ்சி வெந்துடும்.” ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இரண்டு டீ, 24 ரூபாய். விருத்தாசலத்தில் ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், அதுவரை முப்பதிலேயே உருட்டிக்கொண்டு போங்கள் என்று டீக்கடைக்காரரே வழி சொன்னார். பன்னிரண்டு கிலோமீட்டர். அவ்வளவு நீளமான பன்னிரண்டு கிலோமீட்டரை நான் ஓட்டியதில்லை. சாலையைப் பார்த்த நேரத்தைவிட முள்ளைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

9.10க்குக் கடை வந்து சேர்ந்தோம். மெக்கானிக் பெயர் கதிர்வேல், ஐம்பது வயதிருக்கும். சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கட்டை இல்லை அவரிடம். மின்கம்பத்தில் இருக்குமே, பீங்கான் இன்சுலேட்டர், அதில் விரிசல் விட்டதை வைத்திருந்தார். பீங்கான் கம்பெனிகள் நிறைந்த இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. நேரமாகும் என்றதும் கலைச்செல்வி, “நடை சாத்திடுவாங்க. நான் போயி வரிசையில நிக்கிறேன், நீங்க தாளோட வந்து சேருங்க” என்று 100 ரூபாய்க்கு ஆட்டோ பேசிக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

அதனால் அடுத்து நடந்தது எனக்கும் கதிர்வேலுக்கும் மட்டும்தான் தெரியும்.

இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டர் தண்ணீரை அடியில் திறந்துவிட்டார். பழுப்பாக வந்தது. பிறகு வெள்ளைச் செதில்கள். ஒன்றை உள்ளங்கையில் வைத்து நசுக்கினார்.

“என்னா தண்ணி ஊத்துறீங்க?”

“வீட்டுத் தண்ணிதான்.”

“போரா?”

“ஆமா. ஞாயித்துக்கிழமை தவறாம அரை லிட்டர்.” பழைய வண்டிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் பார்க்க வேண்டும் என்று பெட்ரோல் பங்கில் ஒருவர் சொல்லியிருந்தார். ஒரு வாரம்கூட விட்டதில்லை. பெருமையாகத்தான் சொன்னேன்.

“போரு தண்ணி உங்க குண்டான்ல வெள்ளையா படியுமா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தை மாதம் ஒருமுறை புளி போட்டுச் சுரண்டுகிறேன்.

“எங்க வூட்டுக்காரம்மா பீங்கான் கம்பெனியில பொம்ம ஊத்துது” என்றார் அவர். “களிமண்ணக் கரைச்சி அச்சுல ஊத்தி வச்சா, உள்பக்கமா படிஞ்சிகினே வரும். அதே வேலையத்தான் நீங்களும் பாத்திருக்கீங்க. ரேடியேட்டருக்குள்ள புள்ளையாரு செஞ்சிகினு இருக்கீங்க. என்னா வேல பாக்குறீங்க?”

“டீச்சர்.”

“என்னா பாடம்?”

“கெமிஸ்ட்ரி.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். பதினொன்றாம் வகுப்புக்குக் கடினநீர் நடத்துகிறவள் நான். கொதிகலனுக்குள் உப்புப் படிவதைப் படம் போட்டு விளக்குவேன். அந்தப் படத்தில் என் காரை நான் ஒருநாளும் வைத்துப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. எந்தப் பதில் வர வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. “இது வித்தவர் காலத்துலேயே இருந்திருக்குமா?”

டார்ச்சை அடித்துக் காட்டினார். “உள்ள பச்சைக் கறை தெரியுதா? அவரு கூலண்ட் ஊத்தி வச்சிருந்த ஆளு. வெள்ளை அதுக்கு மேல படிஞ்சிருக்குது. தண்ணி ஏன் கொறைஞ்சிதுன்னா, இந்த ஓஸ் பிடிக்கிற கிளாம்பு தளந்துபோச்சி. பத்து வருசத்து வண்டில தளரும். அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு நான் எப்படிச் சொல்றது? அறுவது ரூவா சாமான். வெள்ளை மட்டும் உங்குளுதுதாங்க.”

உப்பைக் கரைக்கும் மருந்து ஊற்றி இன்ஜினை ஓடவிட்டு, மூன்று முறை அலசி, கிளாம்பை மாற்றி, புது கூலண்ட் நிரப்பினார். மொத்தம் 1,340 ரூபாய். “முழுசா போவாது. ஆறு மாசத்துல ரேடியேட்டர மாத்திடுங்க” என்றார். 11.25க்கு விட்டார்.

கோயில் மூன்று கிலோமீட்டர். முள் நடுவில் அசையாமல் நின்றது. கைப்பையில் இருந்த தாளை நினைத்துக்கொண்டேன். கட்டிவிட்டுப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. கதிர்வேல் விழுப்புரத்துக்கு வந்து சொல்லப் போகிறாரா?

வரிசையில் கலைச்செல்விக்கு முன்னால் இரண்டு பேர்தான். கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். எங்கள் முறை வந்தது. பிராது வாங்கும் கோயில் ஊழியர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

“எத்தினி கிலோமீட்டரு?”

“அறுபத்து நாலு” என்றேன்.

“யாரு மேல?”

கலைச்செல்வி முந்திக்கொண்டாள். “சந்தானம்ங்க. கணக்கு வாத்தியாரு.”

“இன்னிக்கு வேணாங்க” என்றேன்.

அவர் இப்போதுதான் என்னைப் பார்த்தார். “எழுதுனதுல தப்பு இருந்தா சொல்லுங்க, வேற தாளு வாங்கி எழுதிக்கலாம்.”

“தலை சுத்துது” என்று சொல்லிவிட்டு வரிசையைவிட்டு வெளியே வந்தேன். பொய். கலைச்செல்வி பிரகாரம் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். “அறுவது கிலோமீட்டரு வெந்துகினு வந்தது இதுக்குத்தானா? வரிசையில நின்னு என் காலு வீங்கிப்போச்சி. நாலு வார்த்த சொல்ல முடியல, நீங்கல்லாம் டீச்சரு!”

சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினோம். இரண்டு சாப்பாடு 220. மங்கலம்பேட்டை தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு மீட்டரை எட்டிப் பார்த்தாள்.

“அண்ணி, முள்ளு நடுவுலயே நிக்குது!”

“ம்.”

“பாத்தீங்களா? பிராது கட்டவே இல்ல, வாசல்ல நின்னு அந்தாளு பேரச் சொன்னதுக்கே வண்டி அடங்கிடுச்சி. இதவிட என்னா சாட்சி வேணும்? திங்கக்கிழமை ஸ்கூல்ல சொல்லுங்க. கொளஞ்சியப்பரே காட்டிக்குடுத்துட்டாருன்னு சொல்லுங்க.”

மெக்கானிக் என்ன செய்தார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. 2.50க்கு வீட்டு வாசலில் இறங்கும்போது எதிர்வீட்டுப் பெண்ணிடம் அதே கதையை ஆரம்பித்துவிட்டாள்.

பழைய கார் வாங்கி இப்படிக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இப்போது கொஞ்சம் அருகதை இருக்கிறது. போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். கூலண்ட், அவசரத்துக்கு பேட்டரிக் கடையில் விற்கும் சுத்தத் தண்ணீர், இரண்டில் ஒன்று வண்டியில் இருக்கட்டும். தண்ணீர் குறைந்தால் நிரப்பிக்கொண்டே இருக்காமல் எங்கே போகிறது என்று பாருங்கள். சூடான வண்டியில் மூடியைத் தொடாதீர்கள். உளுந்தூர்பேட்டைக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே 24 கிலோமீட்டரில் மங்கலம்பேட்டையை விட்டால் நிற்க நல்ல இடம் இல்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். விற்றவர் ஏதாவது சொன்னால், அவர் மேல் சந்தேகம் இருந்தாலும், சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தானம் சார் கூலண்ட் பற்றிச் சொன்ன இரண்டு வார்த்தையில் என் கார் பிழைத்திருக்கும்.

அந்தத் தாளை இரவு கிழித்துவிட்டேன். அதில் எழுதியதைக் கலைச்செல்வியைத் தவிர யாரும் படிக்கவில்லை. ஆனால் ஆசிரியர் அறையில் நான் சொன்னதைப் பதினோரு பேர் கேட்டார்கள். பதினான்கு வருடமாக அங்கே என் பேச்சை யாரும் சந்தேகித்ததில்லை. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் நம்பினார்கள்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நேற்று உளுந்தூர்பேட்டை வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத்தான் வசதி. நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் குற்றம் சொல்லவில்லையே.

ஓசூரில் இருக்கும் என் கணவரிடம் இதைச் சொல்லவில்லை. கலைச்செல்வியிடமும் சொல்லவில்லை. வீட்டிலோ பள்ளியிலோ இந்த வலைப்பதிவைப் படிக்கிறவர்கள் இல்லை. நாளை திங்கள்கிழமை, மதியம் 12.40க்கு, எட்டாம் வகுப்பு அறைக்குப் போய்ச் சந்தானம் சாரை ஆசிரியர் அறைக்கு அழைக்கப்போகிறேன். கெமிஸ்ட்ரி டீச்சர் தன் காரில் என்ன செய்தாள் என்பதை எல்லோர் முன்னாலும் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் வர மறுத்தால், பதினோரு பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு போவேன்.