ஞாயிற்றுக்கிழமைச் சோறு

ஆளைப் பார்த்ததும் வசந்தாமணிக்குப் பசி தெரிந்துவிடும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்பு, அங்கேயே பொது வார்டில் வேலை, பிறகு கல்யாணம், நியூ ஜெர்சி, மறுபடியும் ஒரு பரீட்சை, பார்சிப்பனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் உத்தியோகம். பிழைப்பு முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்தே போயிற்று. யார் விழுங்குகிறார், யார் கன்னத்தில் ஒதுக்கிவைத்து ஏமாற்றுகிறார், யாருடைய கண் தட்டு வருவதற்கு முன்பே கதவுக்குப் போய்விடுகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. இதை இரக்கம் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

"எரக்கமாவது ஒண்ணாவது. சோறு எறங்குனாத்தானுங்க மாத்திரை எறங்கும்" என்பாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம், நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விடுமுறைக்கு முந்தின நாள், பக்கத்துக் கல்லூரியின் கூடைப்பந்து அணி அந்த முதியோர் இல்லத்துக்கு வந்தது. பலூன்கள் வந்தன, போட்டோ எடுப்பவர் வந்தார், கோச் ஒவ்வொரு சக்கர நாற்காலிக்குப் பக்கத்திலும் குனிந்து சிரித்தார். போட்டோ முடிந்ததும் பையன்கள் வேனை நோக்கி நடந்தார்கள். ஒருவன் மட்டும் நின்றுவிட்டான். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். பெயர் டெரெல். கை நடுங்கும் ஒரு கிழவருக்கு உருளைக்கிழங்கு மசியலை ஊட்டிக்கொண்டிருந்தான். அவசரப்படாமல், விழுங்கியாயிற்றா என்று தொண்டையைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அடுத்த கரண்டியை எடுத்தான். வசந்தாமணி அதைப் பார்த்தாள். கிழவர் வேண்டாம் என்று தள்ளிய ரொட்டித் துண்டை அவன் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டதையும் பார்த்தாள்.

"சாப்பிட்டாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மெஸ் மூடியாச்சு மேம். திங்கக்கிழமைதான் திறப்பாங்க. மத்த பசங்க வீட்டுக்குப் போறாங்க. என் வீடு டெக்ஸாஸ்ல. நடுவுல பிராக்டிஸ் வேற இருக்கு."

"அதுவரைக்கும்?"

"சீரியல் பாக்கெட் வாங்கி வெச்சிருக்கேன் மேம். பால் ஊத்திச் சாப்பிட்டுக்குவேன்."

நாளெல்லாம் ஓடிக் குதிக்கிற ஆறே முக்கால் அடி உடம்புக்குச் சீரியல். அந்தக் கல்லூரியின் அரங்கத்துக் கூரை முழுக்க விளம்பரப் பலகைகள். கோச் வந்த கார் தெருவுக்கே வெளிச்சம் போட்டது. அந்தப் பையன்களின் ஆட்டத்தை வைத்துத்தான் இத்தனையும். பையனுக்கு மட்டும் மெஸ் பூட்டு. வசந்தாமணி ஷிப்ட் முடிந்ததும் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். முன் சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளியும் அவன் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது.

வீட்டில் அவள் கணவர் வெள்ளியங்கிரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் அங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் என்ஜினீயர். கூடைப்பந்து என்றால் உயிர். அதோடு அவருக்கும் அந்தக் கல்லூரிக்கும் ஒரு உறவு இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய அப்பா இறந்துபோனார். ஊரில் இருந்திருந்தால் வருஷாவருஷம் திதியன்று கோயிலில் அன்னதானம் செய்திருப்பார். பார்சிப்பனியில் யாருக்குப் போடுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயம், அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு அட்டை தபாலில் வந்தது. 'எங்கள் ஆட்டக்காரர்களுக்கு உணவளிக்க உதவுங்கள்' என்று அதில் போட்டிருந்தது. படிக்கிற பிள்ளைகளுக்குச் சோறு, இதைவிடப் புண்ணியம் ஏது என்று அவர் அப்பா பேரில் அனுப்பிவைத்தார். பதிலுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பின்னும், ஆட்டம் பார்க்க இரண்டு சீட்டும் வந்தன. திதிக்குப் பரிசு எதற்கு என்று அவருக்கே புரியவில்லை. ஆனாலும் வருஷாவருஷம் அனுப்பினார். கல்லூரியின் புத்தகத்தில் அவர் பெயர் புரவலர்கள் வரிசையில் ஏறியது. அன்னதானம் செய்த ஆளுக்குப் புரவலர் என்றால் என்னவென்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் போகும் மகள் மானஸா, வந்தவனை அண்ணாந்து பார்த்து, "ஓ மை காட், அம்மா! ஹி வோன்ட் ஃபிட் இன் தி சேர்!" என்றாள்.

"சேருல உக்காராட்டி கீழ உக்காந்து தின்னுட்டுப் போறான். நீ தட்டை எடு அம்மிணி."

அன்றைக்கு அரிசிம்பருப்புச் சாதமும் கோழிக் குழம்பும். டெரெல் முதல் கவளத்துக்கு மூக்கை உறிஞ்சினான். இரண்டாவதற்குக் கண்ணைத் துடைத்தான். மூன்றாவதிலிருந்து எதையும் துடைக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தான். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் மெஸ் பூட்டுத்தான் என்பது பேச்சில் தெரியவந்தது.

"அப்ப ஞாயித்துக்கெழமை இங்க வந்துரு கண்ணு" என்றாள் வசந்தாமணி. அவனுக்குத் தமிழ் புரியவில்லை. கை காட்டிய இடம் சோற்றுச் சட்டி என்பதால் விஷயம் புரிந்துவிட்டது.

அப்படித்தான் அந்த சீசன் போயிற்று. வார நாட்களில் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை சோறு. அவனுக்கு அது கல்லூரியில் கடைசி வருஷம். டெக்ஸாஸில் அவன் அம்மா ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் வேலை செய்தாள். நியூ ஜெர்சிக்கு வந்து பார்க்க வசதியில்லை. இந்தச் சின்னக் கல்லூரியின் ஆட்டத்தை அங்கே எந்த டிவியிலும் காட்ட மாட்டார்கள். ஆனால் வட்டாரக் கோப்பையை ஜெயித்துவிட்டால், மார்ச் மாதத்துப் பெரிய போட்டிக்குப் போகலாம். அது நாடு முழுக்க டிவியில் வரும்.

"எங்கம்மா ஒரு தடவைகூட நான் ஆடிப் பார்த்ததில்லை மேம். இந்த வருஷம் பார்ப்பாங்க" என்றான். பெருமையடிக்கவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னான். அணியும் ஜெயித்துக்கொண்டே வந்தது. வளையத்துக்கு அடியில் அவன் நின்றால் எதிராளிகள் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனார்கள்.

பிப்ரவரியில் புரவலர்களுக்கு ஒரு மதிய விருந்து. வெள்ளியங்கிரி கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். மேசையில் ஒவ்வொருவரும் தாங்கள் அணிக்குச் செய்ததைச் சொல்ல, இவரும் எழுந்து, "நம்ம டெரெல் வாராவாரம் எங்க வீட்டுலதான் சாப்பிடறான். என் மனைவி சமையல்தான் அவனோட பலம்" என்று சொல்லிவிட்டார். பாதிப் பேர் கைதட்டினார்கள். ஒரு ஆள் மட்டும் தட்டவில்லை. விதிமுறைகளைக் கவனிப்பதற்கென்றே கல்லூரி வைத்திருந்த அதிகாரி அவர்.

அடுத்த வாரம் கோச் வீட்டுக்கு வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து விளக்கினார். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. ஆட்டக்காரனுக்குப் புரவலர் சலுகை எதுவும் தரக்கூடாது. வீட்டுக்கு அழைத்து எப்போதாவது, ஏதாவது விசேஷத்துக்குச் சாப்பாடு போடலாம். வாராவாரம் போடுவது குற்றம். குற்றம் நிரூபணமானால் அவன் ஆட முடியாது.

"விசேஷங்களா இருந்தா பிரச்சினையே இல்லை" என்றார் கோச். "உங்களுக்கு நிறைய பண்டிகை உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். விசாரணைக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க." கண்ணை மட்டும்தான் சிமிட்டவில்லை.

அவர் கார் தெருவைத் தாண்டுவதற்குள் வசந்தாமணி வெடித்தாள்.

"எப்பவாச்சும் போடலாமாமா? பசி என்ன எப்பவாச்சுமா வருது? மெஸ்ஸைப் பூட்டறது குத்தமில்லீங்களாமா, தொறந்த வூட்டுல சோறு போடறது குத்தமாமா? எந்த ஊரு நாயமுங்க இது?"

"வசந்தா, கத்தாத. இதை ஹேண்டில் பண்ணோணும்."

"நீங்க ஹேண்டில் பண்ணுன லட்சணம்தான் பாத்தனே. அந்தக் கோட்டைப் போட்டுட்டுப் போயி மேடையேறிச் சொல்லோணுமா? சோறு போட்டதை எவனாச்சும் தமுக்கடிப்பானா?"

அவர் எழுந்து போனார். சமையலறைச் சுவரிலிருந்து தமிழ் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அதில் இல்லாத விசேஷமா? தேங்க்ஸ்கிவிங் ஒன்று. கார்த்திகை தீபம் ஒன்று. பொங்கல், தைப்பூசம். மானஸாவின் பிறந்தநாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் கிட்டத்தில் எது இருக்கிறதோ அதை இழுத்து ஒட்டினார்.

"இந்த வாரத்துக்கு ஒண்ணுமே இல்லியே. ஆ, ஏகாதசி!"

"ஏகாதசிக்கு எவன் கோழிக் குழம்பு வெப்பான்? அன்னைக்குப் பட்டினியல்லோ!"

"அந்த ஆபீசருக்கு அது தெரியுமா?"

"அப்ப சிவராத்திரியையும் சேத்திக்குங்க. அதுவும் பட்டினி. முழிச்சுக்கிட்டு வேற இருக்கோணும்."

மானஸா தரையில் உருண்டு சிரித்தாள். வசந்தாமணி சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பசித்தவனைச் சாப்பிட விடாத விதிக்கு உண்மை சொல்லித்தான் தீர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பையன் ஆட வேண்டும், அவன் அம்மா பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

விசாரணை கல்லூரியில் ஒரு சின்ன அறையில் நடந்தது. அதிகாரி, கோச், டெரெல், இவர்கள் இருவர். வசந்தாமணி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனாள், பண்டிகைக்குச் சாட்சியாக. கூச்சமே இல்லாமல் ஒவ்வொரு விசேஷமாகச் சொன்னாள். தைப்பூசத்துக்கு முருகன் எங்கே போனார் என்பதுவரை விளக்கினாள். அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் இது முடிந்தால் போதும் என்றிருந்தது. கோச் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

கடைசியில் அதிகாரி சம்பிரதாயத்துக்கு டெரெலைப் பார்த்து, "நீ இந்த வீட்டில் என்னென்ன கொண்டாடினாய்?" என்று கேட்டார்.

அவனிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் காலண்டரைப் பார்த்தார்களே தவிர, சாப்பிட்டவனை யாரும் பார்க்கவில்லை.

டெரெல் யோசித்தான். வசந்தாமணியைப் பார்த்தான். கோச்சைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமையை, சார்" என்றான்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"வேற எதுவும்...?" என்றார் அதிகாரி, கெஞ்சாத குறையாக.

"அன்னைக்கு மெஸ் மூடியிருக்கும் சார். இவங்க வீடு திறந்திருக்கும்."

வட்டாரக் கோப்பை முடியும்வரை அவன் ஆடக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. மெஸ்ஸைப் பூட்டியவர்களுக்கு ஒரு தீர்ப்பும் இல்லை. அதை யாரும் விசாரிக்கவே இல்லை. வசந்தாமணி அதைக் கேட்டாள், அந்த அறையிலேயே எழுந்து நின்று கேட்டாள். "அது இந்தக் கூட்டத்தின் பொருள் அல்ல, மேடம்" என்றார் அதிகாரி.

வட்டாரக் கோப்பையின் அரையிறுதி ஆட்டத்துக்கு அவள் போகமாட்டேன் என்றாள். பையன் தனியாக உட்கார்ந்திருப்பான் என்று வெள்ளியங்கிரி சொன்னதும் போனாள். அரங்கத்தில் புரவலர்களுக்கென்று தனியாக ஒரு அறை. நுழைந்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நீளமான மேசைகளில் இறால், ஆட்டுக்கால், மாட்டிறைச்சி, கேக், வெட்டிவைத்த பழங்கள். வயிறு நிரம்பிய மனிதர்கள் இன்னும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க! எல்லாம் நமக்குத்தான்" என்று ஒரு பெரிய மனிதர் அவள் கையில் தட்டைத் திணித்தார்.

கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே ஆட்டக்களம் தெரிந்தது. பெஞ்சின் கடைசியில் கோட்டுப் போட்டுக்கொண்டு டெரெல் உட்கார்ந்திருந்தான். கோட்டின் கை முழங்கை வரைதான் எட்டியது. யாரோ கடன் கொடுத்த கோட்டு.

வசந்தாமணி தட்டு நிறைய எடுத்தாள். படி இறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். இந்தத் தட்டு அவன் கைக்குப் போனால் அதுவும் ஒரு குற்றம். பசித்தவனைப் பார்த்துவிட்டுத் தட்டோடு திரும்பியது அவள் உத்தியோகத்தில் ஒருநாளும் நடந்ததில்லை. அன்று திரும்பினாள். மேலே வந்து, அந்தத் தட்டைப் பெரிய மனிதரின் கையிலேயே கொடுத்தாள்.

"எனக்கு வேண்டாமுங்க. ஆடறவனுக்கு இல்லாத சோறு பாக்கறவனுக்கு எதுக்கு?"

தமிழில்தான் சொன்னாள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அணி தோற்றது. வளையத்துக்கு அடியில் ஆள் இல்லை, பந்து நேராக உள்ளே போயிற்று. அத்தோடு சீசன் முடிந்தது. டெக்ஸாஸில் ஒரு அம்மா எதையும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. டெரெல் வாசலில் குனிந்து நின்றான்.

வெள்ளியங்கிரி பதறினார். "வரலாமா? ரூல் இருக்கே?"

"இனிமேல் நான் ஆட்டக்காரன் இல்லை சார். எனக்கு யார் வேணும்னாலும் சோறு போடலாம்."

வசந்தாமணிக்குக் கோபம் மறுபடியும் ஏறியது. "உன்னால அவங்களுக்கு ஆகவேண்டியது தீந்துபோச்சு. இனி நீ தின்னா என்ன, தின்னாட்டி என்ன. அப்படித்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு, "ஏங்கண்ணு, பொங்கல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? உங்கம்மா பாத்திருப்பாங்களே."

"பொங்கல் எனக்கு ஞாபகம் இருக்கு மேம். அது இனிப்பு. ஒரு தடவைதான் கொடுத்தீங்க. மத்ததெல்லாம் சோறு."

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். மேசையில் அன்றைய தபாலை வெள்ளியங்கிரி பிரித்துக்கொண்டிருந்தார். கல்லூரியிலிருந்து புது அட்டை வந்திருந்தது. 'எங்கள் ஆட்டக்காரர்களுக்கு உணவளிக்க உதவுங்கள்.'

"அப்பா திதி வருதே..." என்று அவர் இழுத்தார்.

வசந்தாமணி அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி மேசை நடுவில் வைத்தாள். மேசை சுட்டுவிடாமல் இருக்க, கொதிக்கும் குக்கரை அதன்மேல் இறக்கினாள்.

"கையைக் கழுவிட்டு வா" என்றாள் டெரெலிடம்.