வாரேன் என்ற பிறகு

சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷமாகியும் பொன்மணி பாதிக்கு மேல் பெங்களூர் விடுதியில்தான் இருந்தாள். சிப் வடிவமைக்கும் கம்பெனியில் பிழை தேடுகிற வேலை. கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க இந்த ஆடியில்தான் அனுமதி வாங்கினாள். அதற்குள் ஒரு வில்லங்கம் வந்து சேர்ந்தது.

அந்தச் சிப்புக்குள் கணக்குப் போடும் மூளை மாதிரி நாலைந்து செயலிகள். எல்லாம் ஒரே தகவலின் நகலை ஆளுக்கொன்றாக வைத்திருக்கும். ஒன்று அதைத் திருத்தினால் மற்றவை பழையதை நம்பி ஏமாறக் கூடாது. அதனால் நடுவிலிருக்கும் பஸ், 'புதுசு உன்னிடமா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பஸ் என்றால் கம்பிகளின் கூட்டம். சிவகிரி பஸ்ஸில் கண்டக்டரான கணவன் வேல்ராஜுக்கு இதைப் புரியவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வேலையில்லாத செயலி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கும். அதைத் தட்டியெழுப்பத் தனியாக ஒரு சமிக்ஞை உண்டு. சோதனையில் எப்போதாவது, பஸ் கேட்டதற்குப் பதிலே வராமல் மொத்த சிப்பும் உறைந்து நின்றது.

எழுப்பும் சமிக்ஞையில்தான் கோளாறு என்று பொன்மணி எல்லார் முன்னாலும் அடித்துச் சொல்லிவிட்டாள். ஒரு வாரம் குடைந்தும் அதில் ஒரு குறையும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தீராவிட்டால் பெங்களூருக்கே வந்துவிடும்படி குழுத் தலைவர் நியாஸ் அகமது சொன்னார். கோபப்படாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வியாழன் காலை வேல்ராஜ் வழக்கம்போல மாடிப்படியில் இறங்கிக்கொண்டே "வாரேன்" என்றான். அவன் வாய் சொல்லும்போதே கால் தெருவில் இருக்கும். சாவியை வைத்துவிட்டுப் போகச் சொல்லி அவள் கத்தினாள். அவன், அவள் ஊரில் இல்லாத நாளின் பழக்கத்தில், கீழ்க்கதவைப் பூட்டிச் சாவியோடு போயே போய்விட்டான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, மாடியில் நின்ற அவளைப் பரிதாபமாகப் பார்த்தபடி திரும்பிப் போனார்.

மதியம் வந்தவனிடம் சண்டை பிடித்தாள்.

"வாரேன்னு சொல்லிட்டுத்தானட்டி போனேன்?"

"சொன்னிய. நான் சரின்னு சொல்லலியே. அதுக்குள்ள என்ன அவசரம்?"

சொன்னவள் அப்படியே நின்றாள். பிறகு சோற்றைக்கூடப் போடாமல் கணினிக்கு ஓடினாள்.

செயலி தூங்குமுன், தகவல் பகிரும் கூட்டத்திலிருந்து விலகுவதாக ஒரு சமிக்ஞையால் சொல்லும். பஸ் இன்னொன்றால் சரி சொல்லும். அந்தச் சரி வரும்வரை, கேட்டதற்கெல்லாம் செயலி பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த விதியை அவள் நூறு தரம் படித்திருக்கிறாள். எல்லாரும் மதிப்பார்கள் என்று நம்பி, சரிபார்க்காமலே விட்டிருந்தாள். திரையில் பார்த்தால் செயலி விடைபெறும்போதே அணைந்துகொண்டிருந்தது. பஸ் சரி சொல்லுமுன் ஒரு கேள்வி வந்தது. எழுப்பும் சமிக்ஞையும் கூடவே ஒழுங்காகப் போயிருந்தது. பாதி அணைந்த செயலிக்குத்தான் அது எட்டவில்லை.

மாலையில் வீடியோ அழைப்பில் நியாஸ் அகமது, அவள் காட்டிய சமிக்ஞைகளின் படத்தை நெடுநேரம் பார்த்தார். எழுப்பும் சமிக்ஞைமேல் பழிபோட்டதற்கு அவளே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவர் சிரித்தார். பிறகு, "நீங்க அங்கனயே இருங்க. இங்க வந்து என்ன செய்யப் போறீங்க?" என்றார். அவள் கண் கலங்கியது. சந்தோஷம்தான்.

மறுநாள் காலை வேல்ராஜ் "வாரேன்" என்றான். காலடிச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள். முதல் படியில் சாவியை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவன் முகமே சொன்னது. பொன்மணி வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தாள்.

"சரி, போயிட்டு வாங்க."