வைக்கோலுக்குக் கீழே

அன்று தோட்டத்தில் நானும் உம்மாவும் நின்றோம். வாப்பா இல்லை, புத்தளம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மண்ணின் வளத்தை மீட்கலாமென்று வெங்காயப் பாத்திகளை வைக்கோலால் மூடச் சொன்னவன், குடும்பத்தில் முதலில் படித்த நான்தான். வானத்திலிருந்து செய்மதி எடுக்கும் படத்தைப் பார்த்தே தண்ணீர் விடுவோம். படம் ஈரம் காட்டியதால் உம்மாவை மோட்டரைப் போட நான் விடவில்லை.

வாப்பா போனில் கேட்டார்: "வைக்கோலக் கிளப்பி மண்ணத் தொட்டுப் பாத்தியா மகன்?"

"ஓம் வாப்பா" என்றேன். பொய்.

தண்ணீர் விடாத ஐந்தாம் நாள், வாடிய பயிரைக் கண்டு உம்மா வைக்கோலைக் கிளப்பினார். மணல் சுட்டது, பயிர் வேரோடு கருகியிருந்தது. படம் காட்டியது பக்கத்துத் தோட்டத்து ஈரத்தை.

"வானத்துல இருந்து பாத்த, குனிஞ்சி பாக்கல்லயே!" என்றார் உம்மா.

வாப்பா வீடு திரும்பிய பிறகும் உம்மா என்னை ஏசினார்; வாப்பா அவரைத் தடுத்தார். "அவன ஏசாத. புள்ள மண்ணத் தொட்டுப் பாத்துத்தானே சொன்னான்."

இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அரை ஏக்கர் வெங்காயமும் போயிற்று. மூன்று இலட்சம் ரூபாய் நட்டம்.