படிகாரம் சிவந்தபோது

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் அவர். முழங்கை வரை அரக்கு ஏறிய கைகள். எந்த நிறத்தையும் ஜன்னலருகே கொண்டுபோய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார்.

கல்யாணப் புடவைக்கான சிவப்பு இரண்டு முறை மங்கிவிட்டது. இன்னொரு முறை மங்கினால் முதலாளி நூல் தரமாட்டார். சாயம் நூலில் பிடிக்கப் போடும் படிகாரத்தில் இரும்பு கலந்து நிறத்தை மங்கவைக்கிறதோ என்று, வழக்கமாக வாங்கும் கடையிலும் வேறொரு கடையிலும் வாங்கி எங்கள் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

இரண்டையும் கண்ணாடிக் குழாய்களில் தனித்தனியே கரைத்து மருந்து சேர்த்தேன். இரும்பு இருந்தால் கரைசல் சிவக்கும். அந்தச் சிவப்பு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று கருவியின் முள் காட்டும். புதுக்கடைப் படிகாரத்தில் நிறமே வரவில்லை. வழக்கமான கடையில் வாங்கியது ரத்தமாய்ச் சிவந்தது.

"அடேங்கப்பா!" குழாயோடு ஜன்னலுக்கு ஓடினார். "இத்தத்தாம்மா இத்தினி நாளா தேடிகினு இருந்தேன்!"

"ஐயோ, உங்க நூலைக் கெடுத்ததே அதுதாங்க. நிறம் வராததை வாங்குங்க."

"செவப்புப் போட நெறமே இல்லாததா? இன்னாம்மா, கிண்டல் பண்றியா?"

ஆனாலும் நிறம் வராததையே வாங்கினார். அடுத்த வாரம் வந்தபோது கையிலிருந்த நூல் பளிச்சென்று சிவந்திருந்தது. முதலாளிக்குத் திருப்தியாம்.

"நல்லாத்தான் கீது," என்றார், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு. "ஆனா உன் கொழாயில வந்த செவப்பு வரலியேம்மா."

அந்தச் சிவப்பு பட்டில் ஒட்டவே ஒட்டாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.