அத்தை நீவிய கை

முதலில் வீங்கியது என் முகம்தான். குரும்பலூர் பள்ளிக்கூடத்தில், "நல்லாத் திங்கிறா போல" என்று கேலி செய்தார்கள். ஒல்லிக்குச்சி என்ற பெயர் போனதில் எனக்குச் சந்தோஷம்கூட. மெட்ராஸில் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன. எனக்குப் பதின்மூன்று வயது.

இரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்ய (டயாலிசிஸ்) ஒரு வழி வேண்டும். இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்தார்கள் (ஃபிஸ்டுலா). பிள்ளைகளின் நரம்பு நூல் மாதிரி. தடித்தால்தான் ஊசி ஏற்றலாம், அதுவரை ஊரில் இருங்கள் என்றார் டாக்டர்.

"இந்தக் கையை இறுக்கிக் கட்டக் கூடாதும்மா."

அம்மா தலையாட்டினாள்.

தைத்த இடத்தில் இரத்தம் பாயும் வேகத்தில் கை ஓயாமல் அதிர்ந்தது. தோழிகள் தொட்டுவிட்டு, "கரண்ட் அடிக்குதுடி!" என்று ஓடினார்கள். அம்மாவும் பயந்து யாரையும் நெருங்க விடவில்லை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் கிடந்தேன்.

ஒருநாள் கல்லங்குறிச்சியிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, வந்தாள். சுளுக்கு எடுப்பதில் கைராசிக்காரி. அம்மா கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தாள்.

"என்னடி தங்கம், நரம்பு சுருட்டிக்கிட்டுக் கெடக்கு! இதப் போயி இப்புடியே வுட்டு வச்சிருக்காங்களே."

விளக்கெண்ணெய் தடவி நீவினாள். உளுந்துமாவில் முட்டையைக் குழைத்துப் பூசி, துணியால் இறுக்கிக் கட்டினாள். வெகுநாளைக்குப் பிறகு ஒருத்தி என் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது, வலியால் அல்ல.

காலையில் கட்டைப் பிரித்தபோது அதிர்வு நின்றிருந்தது.

"அடச்சுப் போச்சு. இனி இந்தக் கை உதவாது" என்றார் டாக்டர். அம்மா அத்தையைச் சபித்தாள். காலில் குழாய் வைத்து மெஷினை ஓட்டினார்கள், சீழ் பிடித்தது. கடைசியில் வலக்கையில் தைத்தார்கள். இதுவும் போனால் வேறு இடம் தேடுவது கஷ்டம் என்றார்கள். நல்லவேளை, தேறியது. வலக்கையில் ஊசி ஏறியிருக்கும் மெஷின் நாளில் அம்மா சோறு ஊட்டினாள். மெஷின் நாள், அதற்கு மறுநாள். இந்த இரண்டே கிழமைதான் எனக்கு. பிறகு அம்மாவின் சிறுநீரகம் ஒன்றை எனக்கு வைத்தார்கள்.

உங்கள் பிள்ளைக்கும் இதே நிலை என்றால், அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பாருங்கள். உறவுக்காரர்களிடம் காரணத்தோடு சொல்லி வையுங்கள். அத்தையிடம் யாரும் சொல்லவில்லை. அதன்பின் அவள் எங்கள் வாசற்படி மிதிக்கவும் இல்லை.

உடம்பு தேறியதும் தனியாக பஸ் ஏறிக் கல்லங்குறிச்சி போனேன். என்னைக் கண்டதும் அத்தை தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, இடக்கையை அவள் மடியில் வைத்தேன்.

"இதுல இனிமே கெட்டுப்போக ஒண்ணுமில்ல அத்த. நீவி வுடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நீவத் தொடங்கினாள். வலக்கை அதன்பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது. திரும்ப வேண்டிய பஸ் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று கேட்கத் தோன்றவில்லை.